அட்டையில் இருந்த பெயர்

அத்தியாயம் 17

மூன்று வாரமாகச் சிவசைலம் பீரோவில் தேடிக்கொண்டிருந்தார். தேடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி.

தங்கை மகள் சத்யபிரியா போன் செய்யும்போதெல்லாம் பீரோக் கதவை ஒருமுறை திறந்து மூடுவார். அந்தக் கிறீச்சென்ற சத்தம் போனில் அவளுக்குக் கேட்க வேண்டும். "பழைய காயிதம் மலை மாதிரி கெடக்கு பிள்ள. இன்னும் ரெண்டு கட்டுதான். கெடச்சிரும்" என்பார்.

அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன? முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவர். எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்ற பிறகும் மேலகரத்தில் எல்லோருக்கும் அவர் ரைட்டர் அண்ணாச்சிதான். ஒரு துண்டுச்சீட்டைக்கூடத் தூக்கி எறியாத மாமா, அம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைலையா தொலைத்திருப்பார்?

சத்யாவின் அம்மா உலகம்மாள் சினைப்பைப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்து பதினொரு வருஷமாகிறது. அப்போது வயது நாற்பத்தாறு. உலகம்மாளின் அம்மாவும் ஐம்பதைத் தாண்டவில்லை. 'வயித்துக்கட்டி' என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள்.

இதையெல்லாம் கேட்ட தென்காசி அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா, இது ரத்தத்தில் இறங்கி வருகிற வகையாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். ஒரு பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். இருக்கிறதென்று தெரிந்தால், நோய் வருவதற்கு முன்பே சினைப்பையை எடுத்துவிடலாம். அரசுக் காப்பீட்டில் ஒப்புதல் கேட்டு நானே எழுதுகிறேன், உங்கள் அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட் மட்டும் கொண்டு வாருங்கள் என்றார்.

சத்யாவின் புருஷனுக்கு செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் லாரி ஓட்டும் வேலை. அவளுக்கு நர்சரிப் பள்ளிச் சம்பளம். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. காப்பீட்டில் கிடைக்காவிட்டால் அந்தப் பரிசோதனை அவளுக்கு இல்லை.

அந்த ஃபைல் பீரோவில் இல்லையென்று சிவசைலத்துக்குப் பதினொரு வருஷமாகத் தெரியும்.

இன்று உலகம்மாளின் திதி. அவளுக்கு ஆண்பிள்ளை கிடையாது. வருஷா வருஷம் அண்ணன்தான் குற்றாலத்துக்குப் போய் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவார். இந்த வருஷம் சத்யாவும் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். "அப்படியே அங்கேருந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம் மாமா. டாக்டர் இன்னைக்கு வரச்சொல்லிருக்காங்க" என்றாள்.

சிவசைலம் குடையை எடுத்துக்கொண்டார்.

* * *

சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. மெயின் அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். கார்களில் வந்தவர்கள் துண்டைத் தோளில் போட்டபடி பாலத்தின் மேல் நின்று அருவியை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிற்றாறு செம்மண் நிறத்தில் ஓடியது.

படித்துறையில் ஐயர் வாழை இலையை விரித்து, பிண்டத்துக்கு மாவு பிசைந்து வைத்திருந்தார். சிவசைலம் ஈர வேட்டியோடு உட்கார்ந்தார். இரண்டு படி மேலே சத்யா குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோத்திரம்?"

"சிவ கோத்திரம்."

"யாருக்கு? பேரைச் சொல்லுங்கோ."

"இசக்கிச்செல்வி" என்றார் சிவசைலம்.

ஐயர் அந்தப் பெயரையே மந்திரத்தில் சேர்த்துச் சொல்லி எள்ளை நீட்டினார். கையை நீட்டி வாங்கும்போதுதான் மேலிருந்து சத்யாவின் குரல் கேட்டது.

"மாமா, அது அத்தை பேருல்லா?"

ஐயர் நிறுத்தினார். "அத்தைன்னா?"

"இவங்க வீட்டம்மா."

"இருக்காளா?"

"இருக்காங்க. வீட்டுல வடைக்கு ஆட்டிட்டு இருக்காங்க."

ஐயர் கையைக் கழுவினார். இலையை மாற்றினார். "இந்தத் தடவை பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். சிவசைலம் உலகம்மாள் என்று சொன்னார். அவருக்கே கேட்டதோ இல்லையோ. ஐயர் இரண்டாம் முறை கேட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

கரையேறியதும் சத்யா சிரித்தாள். "அத்தைகிட்ட சொன்னேன்னு வையுங்க, இன்னைக்கு உங்களுக்கு வடை கெடையாது."

"வாய் தவறிட்டு பிள்ள."

"அது சரி. பொண்டாட்டி நெனப்பு."

நேந்திரம் சிப்ஸ் போடும் கடையை ஒட்டி ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அருவிச் சத்தத்தில் பேச்சு தேவையில்லாமல் இருந்தது. சிவசைலத்துக்கு அது வசதி. சட்டைப் பித்தானைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார்.

வாய் தவறவில்லை. பழக்கம். பதினான்கு மாதம் அந்தப் பெயரில்தான் தங்கையைக் கூப்பிட்டிருக்கிறார். திருநெல்வேலி ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றதும் அவள் உலகம்மாள் இல்லை. அது பிசகாமல் இருக்க வீட்டிலிருந்து கிளம்பும்போதே செல்வி, செல்வி என்று கூப்பிட்டுப் பழகினார். இப்போது மூன்று வாரமாக யாருக்கும் தெரியாமல் அந்தத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அதே பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேஷன்ட் உயிரோடு இருந்தால் அவரே நேரில் வர வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

சத்யா டீயைப் பாதியில் வைத்தாள்.

"மாமா. அந்த ஆஸ்பத்திரில ஒரு நர்சக்கா உண்டு. அம்மாவ செல்வியம்மா, செல்வியம்மான்னுதான் கூப்பிடும்."

அவர் அருவியைப் பார்த்தார்.

"நான் அம்மாகிட்ட கேட்டேன். யாரும்மா செல்வின்னு. 'செல்லமா கூப்பிடுதாட்டி, மொட்டத்தலைக்கு என்ன பேரு வச்சா என்ன'ன்னு சிரிச்சா."

அவர் வேட்டியின் ஈரத்தைப் பிழிந்தார். பிழிவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"எதுக்கு மாமா செல்வின்னு கூப்பிட்டாங்க?"

பாலத்தில் ஒரு பஸ் வந்து நின்றது, ஆட்களை இறக்கியது, போனது. இன்னொன்று வந்தது. அவளும் அவசரப்படுத்தவில்லை. அவளுக்கும் இந்தக் குடும்பத்துச் சுபாவம்தான்.

"ஒங்கம்மாவுக்குக் காப்பீடு கெடையாது" என்றார் கடைசியில்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். உலகம்மாளைக் கட்டிக் கொடுத்தது புனலூரில். ரேஷன் கார்டு அங்கே, கேரளாவில். புருஷன் விரட்டிவிட்டபோது பிள்ளையோடு செங்கோட்டை தாண்டி வந்தவளுக்கு, அங்கே பெயரை வெட்டிக்கொடுக்க அவன் சம்மதிக்கவில்லை. அங்கே வெட்டாமல் இங்கே சேர்க்க வழியில்லை. மலைக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அந்த நேரத்தில்தான் கட்டி என்றார்கள். அவர் கையில் அரசு ஊழியர் காப்பீட்டு அட்டை இருந்தது. அதில் அவர், பெண்டாட்டி, மகள் மூன்று பேர். தங்கைக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே வயது. கவுண்டரில் இருந்தவர்கள் போட்டோவை உற்றுப் பார்க்கவில்லை. காக்கிச் சட்டை போட்டவர் நீட்டிய அட்டை.

"அப்ப ஃபைலுல..."

"எல்லாம் ஒங்க அத்தை பேருலதான் இருந்துது."

"இருந்துதுன்னா?"

சிவசைலம் கையை நீட்டவில்லை. கண்ணால் மட்டும் ஆற்றைக் காட்டினார்.

"பதினாறாம் நாளு. அவ உடுத்தின சேலைய ஆத்துல விடும்போது, ஃபைல உள்ள வச்சுச் சுத்தி விட்டேன். இதே படித்துறைதான்."

செத்தவர்களின் துணியை அந்தத் தண்ணீரில் விடுவது வழக்கம். எத்தனையோ பேர் விடுகிறார்கள். சடங்கோடு சடங்காகத் தடயத்தை விட்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். ஆள்மாறாட்டம் என்ற வார்த்தையைத் தன் குண்டு குண்டான கையெழுத்தில் எத்தனை எஃப்.ஐ.ஆரில் எழுதியிருப்பார். அந்த வார்த்தைக்குப் பயந்துதான், தங்கை செத்த மூன்றாம் நாள் பேரூராட்சி அலுவலகத்தில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக் காகிதத்தின்படி நோயாளி இன்னும் உயிரோடு வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாளே.

சத்யா சத்தம் போடுவாள் என்று நினைத்தார். அழுவாள் என்று நினைத்தார். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம்.

அவள் குடையை மடக்கினாள். "மூணு வாரமா பீரோவுல தேடுதேன்னு சொன்னீங்களே மாமா. அந்தக் கதவு சத்தம் எனக்குக் கேட்டுச்சே" என்றாள்.

* * *

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே பெஞ்சு நிறைந்திருந்தது. "வாங்க ரைட்டரய்யா, ஒடம்புக்கு என்ன?" என்று வாசலில் நின்ற காவலாளி இடம் விட்டார். சிவசைலம் தலையை ஆட்டிவிட்டுச் சுவர் ஓரமாக நின்றுகொண்டார்.

உள்ளே போனதும் தொண்டையைச் செருமினார். "ஒரு சின்னக் குழப்பம் டாக்டர். அந்தக் காலத்துல ஒரு கிளரிக்கல் மிஸ்டேக் மாதிரி..."

"மாமா" என்றாள் சத்யா. அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் நிறுத்தினார். பிறகு, கூண்டில் ஏறிய ஆளைப் போல நேராக நின்றுகொண்டு நடந்ததைச் சொன்னார். தேதி, மாதம் உட்பட. டாக்டரம்மாவுக்கு அவர் மகள் வேல்விழியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுக்கொண்டார்.

"உங்க தங்கைக்குச் செஞ்ச ஆபரேஷன்ல எடுத்த கட்டியில ஒரு சின்னத் துண்ட மெழுகுல பதிச்சு வச்சிருப்பாங்க. பத்து பதினஞ்சு வருஷம்கூட இருக்கும். அதக் கேட்டு நான் எழுதலாம். பேரு மாறினாலும் சதை மாறாது. இவங்க ரத்தத்தோட ஒப்பிட்டா அம்மாவோடதுன்னு நிரூபிச்சிடலாம்."

சத்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆனா அது யாரோடதுன்னு சொல்லி நீங்க எழுதித் தரணும் சார். யார் பேர்ல இருக்கோ அவங்களும் கையெழுத்துப் போடணும். அத்தைக்கு வந்த நோயைக் காட்டி இவங்களுக்கு அப்ரூவல் கேட்க முடியாது. அம்மாவுக்கு வந்ததாத்தான் இருக்கணும்."

"எழுதித் தந்தா..." சிவசைலம் முடிக்கவில்லை.

"உங்க மேல என்ன வரும்னு எனக்குத் தெரியாது சார். ஒண்ணும் வராதுன்னு நான் சொல்ல முடியாது."

பென்ஷன் போகலாம். இருபத்தெட்டு வயதுப் பையன் எவனோ இன்று அவருடைய பழைய ஸ்டேஷனில் ரைட்டராக இருப்பான். அவன் எழுதுவான். முன்னாள் சிறப்பு உதவி ஆய்வாளர் சிவசைலம், வயது அறுபத்து மூன்று.

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வட்டமும் சதுரமுமாகப் போட்டார். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம். மேலே உலகம்மாளின் அம்மா, கருப்படித்த வட்டம். கீழே உலகம்மாள், இன்னொரு கருத்த வட்டம். அவளுக்குக் கீழே சத்யா, வெறும் வட்டம். அதன் நடுவில் ஒரு கேள்விக்குறி.

"நீங்க கூடப் பிறந்தவரா?" உலகம்மாளுக்குப் பக்கத்தில் ஒரு சதுரம். "பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு."

சதுரத்துக்குக் கீழே ஒரு சின்ன வட்டம் விழுந்தது. அதன் நடுவிலும் டாக்டரம்மா கேள்விக்குறி போட்டார்.

"இது எதுக்கு?" என்றார் சிவசைலம்.

"ஆம்பளைங்க வழியாவும் இறங்கும் சார். முதல்ல சத்யாவுக்குப் பார்ப்போம். அப்புறம் உங்களுக்கு. உங்ககிட்ட இருந்தா, உங்க பொண்ணுக்கு."

வேல்விழிக்கு அடுத்த புதன்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை வீடு வாசுதேவநல்லூர்.

* * *

வீட்டில் அடுப்பு அணைந்து, சமைத்ததெல்லாம் மூடி இருந்தது. காக்கைக்கு வைக்காமல் யாரும் சாப்பிட முடியாது. இசக்கிச்செல்வி பசியோடு காத்திருந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். "மோராவது குடிங்க" என்று இரண்டு டம்ளரை வைத்தாள்.

சிவசைலம் மேஜைக்குப் போய்ப் பேனாவை எடுத்தார். வாக்குமூலம் எழுத அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அரைமணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம். ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. எழுதி முடித்து, கடைசியில் அவள் கையெழுத்துக்கும் இடம் விட்டு, பெண்டாட்டி முன்னால் வைத்தார். அப்போதும் வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். படிக்கப் படிக்க, இன்று இவர் இதை எங்கேயோ சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. விரல் ஓரிடத்தில் நின்றது.

"'என் மனைவி இசக்கிச்செல்வியின் சம்மதத்துடன்'னு போட்டிருக்கீங்க."

அவர் மோரைப் பார்த்தார்.

"எப்ப கேட்டீங்க?"

"செல்வி..."

"எப்ப கேட்டீங்கன்னுதான் கேக்கேன். போனு வந்துதுல்லா ஒருநா. 'செல்வியம்மாவா? உங்க மூணாவது ஊசி வெள்ளிக்கெழம'ன்னு. அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும், எனக்குக் கேன்சருன்னு."

சத்யா திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கு மறு வருசம் எனக்கு ரத்தப்போக்கு வந்துது. கர்ப்பப்பைய எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. கார்டுல போவோமான்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றபடி சொன்னது. கார்டுல போக முடியாது செல்வி, அதுல ஒனக்கு சினைப்பையோட சேர்த்து அதையும் ஏற்கெனவே எடுத்தாச்சுன்னு பதிஞ்சிருக்கு. சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனார். அன்று திரும்பி வரும்போது அல்வா வாங்கி வந்தார்.

"நாலு வருசம் அத்தை" என்றாள் சத்யா மெதுவாக. "எப்ப வந்தாலும் நீங்க படுத்தே கெடப்பீங்க. ரத்தம் இல்லன்னு ஒரு செவப்பு மாத்திரை. நான்கூட..."

"சோம்பேறின்னு நெனச்சியோ?"

சத்யா மோர் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"ஒங்கம்மா மேல எனக்கு ஒண்ணும் கெடையாதுட்டி. கடைசியில அவளுக்கு மேலுக்குத் தொடச்சுவிட்டது நான்தான். கேட்டிருந்தா குடுத்திருப்பேன். பேருதான, என்ன இப்ப. கேக்கல." தாளை அவர் பக்கம் தள்ளினாள். "அத அடிங்க."

சம்மதத்துடன் என்று எழுதினால் குற்றம் இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாகும். இது அவருக்குத் தெரியும். எழுதும்போதே தெரியும். அவளுக்குச் சட்டம் தெரியாது என்பதும் தெரிந்துதான் எழுதினார். அரைமணி நேரத்துக்கு முன்னால், இதே நாற்காலியில், இன்னொரு முறை அவள் பெயரைக் கேட்காமல் எடுத்திருக்கிறார்.

அவருக்குக் காது மடல் சுட்டது. முப்பது வருஷத்தில் ஸ்டேஷன் மேஜைக்கு அந்தப் பக்கம் எத்தனையோ பேர் தலை குனிந்து நின்றிருக்கிறார்கள். தலையைத் தூக்கிப் பேசுடா என்று அதட்டியிருக்கிறார். எப்படித் தூக்குவார்கள்?

'சம்மதத்துடன்' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்தார். மேலே 'தெரியாமல்' என்று எழுதினார். வாக்குமூலத்தில் அடித்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வைத்தார்.

"நாளைக்கு நானும் ஆஸ்பத்திரிக்கு வாரேன். அங்கன வச்சுக் கையெழுத்துப் போடுதேன்" என்றாள் இசக்கிச்செல்வி. சத்யாவின் கையைத் தொட்டாள். "ஒனக்காகத்தான் பிள்ள. ஆனா அதுக்கு முன்ன வேல்விழிகிட்ட இவுக வாயால சொல்லணும். நிச்சயம் முடியட்டும், கல்யாணம் முடியட்டும்ங்கிற கதையெல்லாம் வேண்டாம்."

டாக்டரம்மா போட்ட சின்ன வட்டத்தைப் பற்றி அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. சத்யா மாமாவைப் பார்த்தாள். மாமா இலையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

* * *

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இலையை வைத்தார். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். சாரல் நின்று காற்று மட்டும் வீசியது. தெற்கே மலை முழுவதும் மேகம்.

"கா... கா..."

காக்கை வரவில்லை. கேபிள் வயரில் ஒன்று இருந்தது. கழுத்தைச் சாய்த்து அவரைப் பார்த்தது.

"உலகம்மா" என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, "ஏட்டி உலகம்மா."

சட்டைப் பையில் போன் அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து வேல்விழி.

"அப்பா, அத்தைக்குப் படைச்சாச்சா? சாப்ட்டீங்களா?"

"இனிமேத்தான்."

"ஒரு விஷயம். இப்ப வாசுதேவநல்லூர்லேருந்து, அவங்க வீட்டு மதினி பேசினாங்க. சும்மா பொதுவாத்தான் கேட்டாங்க. ஒங்க அத்தை சின்ன வயசுலயே தவறிட்டாங்களாமே, குடும்பத்துல பரம்பரையா சீக்கு ஏதும் உண்டுமான்னு. அதெல்லாம் ஒண்ணும் இல்ல, ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லிட்டேன். நீங்க அப்படித்தான சொல்லச் சொன்னீங்க." அவள் குரலில் சிரிப்பு இருந்தது. "சரிதானப்பா?"

சிவசைலம் கீழே பார்த்தார். சமையலறை ஜன்னல் அவர் நின்ற இடத்துக்கு நேர் கீழே இருந்தது. இவ்வளவு நேரம் அங்கே கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

வயரில் இருந்த காக்கை இறங்கிச் சுவரின் அந்தக் கோடியில் உட்கார்ந்தது. இலைக்குப் பக்கத்தில் வரவில்லை.

"இருக்கேன்" என்றார். "சரியில்லம்மா. நீ சொன்னது சரியில்ல. சுத்தி யாரும் இல்லாத எடமாப் பாத்து உக்காரு. அப்பா சொல்லுதேன்."